குதிரைக் கஷ்கொட்டை இலை: கடன் வாங்கிய புகழும் சொந்தக் குணமும்

குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் காய்ந்த இலைக்கு ஐரோப்பிய நாட்டு மருத்துவம் கொடுத்திருக்கும் பொறுப்புகள் ஏராளம். இருமல், கக்குவான், காய்ச்சல், மூட்டுவலி, வாதம், மூலம், காலில் இரத்தக் குழாய் சுருண்டு புடைத்தல், மாதவிடாய் வலி, கரப்பான் என்று மூலிகை நூல்களில் அதன் பெயருக்கு நேரே வரிசை நீள்கிறது. இந்த வரிசையை நம்புவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், அது எப்படி உருவானது என்று கேட்க வேண்டும். இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துப் பழகி மக்கள் அறிந்துகொண்டவை எவை? அதே மரத்தின் கொட்டையிடமிருந்தும் பட்டையிடமிருந்தும் இலைக்கு வந்து சேர்ந்தவை எவை? மரமே வேறாக இருந்தும் பெயர் ஒற்றுமையால் ஒட்டிக்கொண்டவை எவை? இப்படிப் பிரித்துப் பார்த்தால் இலைக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் மரத்தை அடையாளம் கண்டுகொள்வோம். ஆங்கிலத்தில் ஹார்ஸ் செஸ்ட்நட். தாவரவியலில் ஈஸ்குலஸ் ஹிப்போகாஸ்டனம். 30 மீட்டரைத் தாண்டியும் வளரும் பெருமரம். ஒரே காம்பின் நுனியிலிருந்து 5 அல்லது 7 சிற்றிலைகள் விரல்களாக விரியும். இலை உதிர்ந்த இடத்தில் கிளையில் குதிரை லாடத்தின் வடிவில் தழும்பு நிற்கும். மே மாதத்தில் வெள்ளைப் பூங்கொத்துகள் கிளை நுனிகளில் நிமிர்ந்து பூக்கும். இலையுதிர் காலத்தில் முள்முளைத்த பச்சைத் தோடு வெடித்து, பளபளக்கும் செம்பழுப்புக் கொட்டைகள் தெருவில் உருளும். இலண்டனிலும் பாரிஸிலும் பெர்லினிலும் வாழும் தமிழர்கள் நாள்தோறும் இதன் நிழலைக் கடந்துதான் போகிறார்கள். பவேரியாவில் பீர் சேமித்த நிலவறைகள் வெயிலில் சூடேறாதிருக்க மேலே நிழலுக்கு நட்டது இந்த மரத்தைத்தான். ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டிலிருந்து பார்த்து நாட்குறிப்பில் எழுதிய மரமும் இதுவே. அது 2010 ஆகஸ்டில் புயல் காற்றில் சாய்ந்தது.

இவ்வளவு பழகிய மரமாக இருந்தும், ஐரோப்பிய மருத்துவத்தில் இது புதிய வரவு. டயாஸ்கோரிடிஸ், கேலன் போன்ற பண்டைய கிரேக்க மருத்துவர்கள் விட்டுச் சென்ற மூலிகை அறிவில் இதற்கு இடம் இல்லை. அவர்கள் அறிந்திருந்தது உண்ணத்தக்க இனிப்புக் கஷ்கொட்டையை. குதிரைக் கஷ்கொட்டை மேற்கு ஐரோப்பாவின் கண்ணில் பட்டது 16ஆம் நூற்றாண்டில், அதுவும் கான்ஸ்டான்டிநோபிள் வழியாக. அங்கே ஹாப்ஸ்பர்க் பேரரசின் தூதராக இருந்த புஸ்பெக்கின் மருத்துவர் வில்லெம் குவாக்கல்பீன் 1557இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலிக்கு இந்தக் கொட்டையைப் பற்றிக் கடிதம் எழுதினார். இருமலும் மூச்சிரைப்பும் வந்த குதிரைகளுக்குத் துருக்கியர் இதைக் கொடுக்கிறார்கள் என்பது அவர் அனுப்பிய செய்தி. மத்தியோலி 1565இல் தம் நூலில் மரத்தை வருணித்தார். 1576இல் அது வியன்னாவில் தாவரவியலாளர் குளூசியஸின் கைக்கு வந்தது; 1615இல் பாரிஸை அடைந்தது. ஆகவே 'தொன்றுதொட்டு வரும் ஐரோப்பிய மூலிகை' என்று யாராவது சொன்னால் அந்தத் தொன்மைக்கு மேல்வரம்பு உண்டு: சுமார் 450 ஆண்டுகள். அந்தக் கதையின் முதல் பக்கத்தில் இருப்பதும் கொட்டை, இலை அல்ல.

இந்த மரத்தின் சொந்த ஊர் எது என்பதிலும் நெடுநாள் குழப்பம் நீடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை இந்தியக் கஷ்கொட்டை என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். லின்னேயஸும் அது ஆசியாவிலிருந்து வந்ததென்றே எண்ணினார். உண்மையில் அதன் காட்டு இருப்பிடம் பால்கன் மலைகள்தான்: வட கிரேக்கம், அல்பேனியா, மாசிடோனியா, பல்கேரியாவின் சிறு பகுதி. ஏதென்ஸில் வாழ்ந்த தாவரவியலாளர் தியோடோர் ஃபான் ஹெல்டிரைக் 1879இல் கிரேக்க மலைகளில் காட்டு மரங்களைக் கண்டு எழுதிய பிறகுதான் வழக்கு முடிந்தது. மருத்துவத்துக்கு இதில் ஒரு முக்கியச் செய்தி இருக்கிறது. மரம் இயற்கையாக வளர்ந்த இடங்கள் எட்டாத மலை இடுக்குகள். ஐரோப்பா முழுவதும் பரவியதோ அரண்மனைத் தோட்டங்கள், சாலையோரங்கள் வழியாக. காட்டோடு வாழ்ந்து தலைமுறை தலைமுறையாக இலையைச் சோதித்த மக்களிடமிருந்து அந்த அறிவு மேற்கே வந்து சேரவில்லை. தோட்டத்து மரத்தை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர்களும் மருத்துவர்களும் நாட்டுப்புறத்தாரும் ஆளுக்கொரு பக்கமாகப் பரிசோதித்ததால் உருவானது இந்தப் பயன்பாட்டு மரபு.

அப்படிப் பரிசோதித்தவர்களில் வெனிஸ் நகர மருந்துக்கடைக்காரர் சன்னிகெல்லியைச் சொல்ல வேண்டும். 1733இல் அவர் குதிரைக் கஷ்கொட்டைப் பட்டையின் குணங்களைப் பற்றி எழுதினார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு, அதாவது இன்று நாம் மலேரியா என்று சொல்லும் முறைக்காய்ச்சலுக்கு, தென் அமெரிக்காவிலிருந்து வரும் சின்கோனா பட்டைக்குப் பதிலாக உள்ளூர்ப் பட்டை ஒன்று கிடைக்காதா என்பது அந்தக் காலத்தின் பெரிய தேடல். நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் முடங்கியபோது அந்தத் தேடல் இன்னும் தீவிரமானது. ஐரோப்பியப் பட்டைகள் பலவும் சோதிக்கப்பட்டன, இதுவும் அவற்றில் ஒன்று. கசப்பும் துவர்ப்பும் இருந்தாலே காய்ச்சல் மருந்தாகும் என்ற நம்பிக்கை அதற்குத் துணை நின்றது. சின்கோனாவில் இருக்கும் குவினைன் இந்தப் பட்டையில் இல்லை. ஆனாலும் 'காய்ச்சலுக்கு' என்ற சொல் மரத்தின் மீது தங்கிவிட்டது. பட்டையை உரிப்பதைவிட இலையைப் பறிப்பது எளிது. பட்டைக்குச் சொன்னது இலைக் கஷாயத்துக்கும் சொல்லப்பட்டது. இன்றும் சில மூலிகைப் பட்டியல்களில் இலைத் தேநீர் காய்ச்சலுக்கு உதவும் என்று காண்கிறோமே, அதன் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து கால் நரம்புச் சுருட்டலும் மூலமும். இவை இரண்டும் அசலில் கொட்டையின் சொத்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாதம் அண்டாதிருக்கக் கொட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்த கிராமத்து வழக்கம் ஒருபுறம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் கொட்டைச் சாற்றை மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் கொடுக்கத் தொடங்கிய மருத்துவர்கள் மறுபுறம். நம் ஊர் ஹோமியோபதிக் கடைகளில் மூலத்துக்குக் கேட்டால் எடுத்துத் தரும் ஈஸ்குலஸ் துளிகளும் கொட்டையிலிருந்து தயாரானவையே. கொட்டையில் ஈஸ்சின் என்ற சபோனின் கூட்டுப்பொருள் 3 முதல் 10 சதவீதம் வரை இருக்கிறது. இரத்த நுண்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து நீர் கசிவதை அது குறைக்கிறது. அதனால் கணுக்கால் வீக்கமும் கனமும் குறைகின்றன.

இந்தக் கூற்றுக்கு நல்ல சான்று உண்டு. 1996இல் லான்செட் இதழில் ஜெர்மன் மருத்துவர் டீம் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வில் 240 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஈஸ்சின் என நாளுக்கு இரண்டு வேளை கொட்டைச் சாற்றை எடுத்தனர். ஒரு பிரிவினர் இறுக்கக் காலுறை அணிந்தனர். மூன்றாம் பிரிவினருக்கு வெறும் மாத்திரை. 12 வாரத்துக்குப் பின் கொட்டைச் சாறு எடுத்தவர்களுக்குக் கீழ்க்காலின் கன அளவு சராசரியாக 43.8 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. காலுறை அணிந்தவர்களுக்கு 46.7 மில்லிலிட்டர் குறைந்திருந்தது; வெறும் மாத்திரைக்காரர்களுக்கோ 9.8 மில்லிலிட்டர் கூடியிருந்தது. காலுறையோடு கிட்டத்தட்டத் தோள் ஒட்டி நிற்கும் மூலிகை மருந்து என்பது சாதாரணச் செய்தி அல்ல. பிட்லரும் எர்ன்ஸ்டும் 2012இல் புதுப்பித்த காக்ரேன் தொகுப்பாய்வு 17 சோதனைகளை ஒருங்கே எடைபோட்டு, குறுகிய காலத்துக்கு இது பயன்தருவதாகவே தோன்றுகிறது என்ற முடிவுக்கு வந்தது. ஜெர்மன் அரசின் மூலிகை மதிப்பீட்டுக் குழுவான கமிஷன் ஈ-யும் கொட்டைச் சாற்றுக்கு ஒப்புதல் கொடுத்தது.

ஆனால் இந்த ஆய்வுகளில் ஓர் இலைகூட இல்லை. எல்லாம் கொட்டையிலிருந்து, ஈஸ்சின் அளவு நிர்ணயித்துத் தயாரித்த சாறு. இலையில் ஈஸ்சின் இருப்பது மிகச் சொற்பம். கொட்டை வென்ற தேர்வின் மதிப்பெண்ணை இலைப் பொட்டலத்தின் மேல் அச்சிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. வேப்பம்பூவில் ரசம் வைக்கிற நம் வீடுகளில் வேப்பெண்ணெயில் யாரும் ரசம் வைப்பதில்லை. ஒரே மரத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பது நமக்குப் பழகிய அறிவு. அதை ஐரோப்பிய மூலிகைக்கும் பொருத்திப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

இருமலின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குதிரைக் கஷ்கொட்டை இலைக்குச் சொல்லப்படும் பயன்களில் இருமலும் கக்குவானும் முன்வரிசையில் நிற்கின்றன. குதிரைகளின் இருமலுக்குக் கொட்டை கொடுத்த துருக்கிய வழக்கத்திலிருந்து இது வந்திருக்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் கக்குவான் குழந்தைகளின் நோய். அதற்கு இலை என்று தனியாகக் குறிப்பிடப்படுவது ஏன்? விடை, பக்கத்து மரத்தில் இருக்கிறது. இனிப்புக் கஷ்கொட்டை, தாவரவியலில் காஸ்டேனியா, முற்றிலும் வேறு குடும்பம். ஓக், பீச் மரங்களின் உறவு. அதன் காய்ந்த இலை கக்குவானுக்கான மருந்தாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் புழக்கத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே அமெரிக்கக் கஷ்கொட்டையின் இலை இடம்பெற்றிருந்தது. அதன் திரவச் சாற்றைக் கக்குவான் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். இரு மரத்துக்கும் கஷ்கொட்டை என்ற பெயர் பொது. இரண்டிலும் முள்தோட்டுக்குள் செம்பழுப்புக் கொட்டை. மூலிகை நூல்களை ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதியவர்கள் வழியில் ஒரு பெயரைக் கைநழுவ விட்டிருந்தால் வியப்பில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் சான்று கிடைக்கிறது. இனிப்புக் கஷ்கொட்டை இலையைப் பற்றிக் கமிஷன் ஈ பதிவுசெய்த மக்கள் வழக்குகளில் மூச்சுக்குழல் அழற்சியோடும் கக்குவானோடும் கால் நோவும் இரத்த ஓட்டக் கோளாறும் சேர்ந்திருக்கின்றன. கால் நோவு குதிரைக் கஷ்கொட்டையின் பேச்சு. அது இனிப்புக் கஷ்கொட்டைக்குப் போயிருக்கிறது. கக்குவான் இனிப்புக் கஷ்கொட்டையின் பேச்சு. அது இங்கே வந்திருக்கிறது. இரண்டு மரங்களும் தங்கள் நோய்களை மாற்றிக்கொண்டுவிட்டன என்றே இதைப் படிக்கிறேன். அந்தக் குழு இனிப்புக் கஷ்கொட்டை இலைக்கும் ஒப்புதல் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இலையைக் கையில் எடுத்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீரும்: இனிப்புக் கஷ்கொட்டையின் இலை தனி இலை, நீண்டு, ஓரம் முழுக்கக் கூர்பற்களோடு இருக்கும், குதிரைக் கஷ்கொட்டையின் இலை விரல்களாகப் பிரிந்திருக்கும். காய்ந்து நொறுங்கிப் பொட்டலத்துக்குள் போய்விட்டால் அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாது. இலை மருந்தின் பெரிய பலவீனம் இது.

சரி, இலைக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? துவர்ப்பு இருக்கிறது, நிறையவே. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தோடு பிணைந்து தோலையும் சவ்வையும் இறுக வைக்கும். மூலத்துக்கு இடுப்புக் குளியல், கசியும் கரப்பானுக்குக் கழுவுநீர் என்று இலைக் கஷாயத்தை வெளியே பயன்படுத்திய வழக்கத்துக்கு இது நேர்மையான விளக்கம். எரிச்சலும் கசிவும் அதனால் சற்றே அடங்கும். துவர்ப்பு மிக்க வேறு பல இலைகளும் பட்டைகளும் இதே வேலையைச் செய்யும் என்பதால், இது இந்த இலையின் தனிச்சிறப்பு ஆகாது. என்றாலும் பொய் அல்ல.

இரண்டாவது, ஃபிளாவனாய்டுகள். குவர்செட்டின், கேம்ஃபெரால் ஆகியவற்றின் சர்க்கரைச் சேர்மங்கள் இலையில் நன்றாகவே இருக்கின்றன. இலையை நாட்டு வழக்கிலிருந்து மருந்துத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோன ஒரே பெரிய முயற்சி இவற்றை நம்பித்தான் நடந்தது. சோவியத் ஒன்றியத்தில் எஸ்ஃபிளாசிட் என்ற மருந்து தயாரானது. கொட்டையிலிருந்து ஈஸ்சின், இலையிலிருந்து பிரித்த ஃபிளாவனாய்டுத் தொகுதி, இரண்டும் சேர்ந்தது அது. மூலத்துக்கும் காலின் இரத்தக் குழாய் அழற்சிக்கும் கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றும் இடம் இதுதான். அங்கே இலை கொட்டையின் பெயரில் ஒளிந்துகொள்ளவில்லை. தன்னிடம் எது இருக்கிறதோ அதைப் பிரித்துக் கொடுத்தது, கொட்டையின் பங்கு வேறு, இலையின் பங்கு வேறு என்று மருந்தின் பெயரிலேயே எழுதப்பட்டது. ஆனால் அந்தக் கூட்டு மருந்து வேலை செய்ததென்றாலும், அதில் இலையின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்து மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, கூமரின்கள்; குறிப்பாக ஈஸ்குலின். பட்டையில்தான் இது அதிகம், இலையிலும் உண்டு. ஒரு துண்டுப் பட்டையைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் நீருக்குள் மெல்லிய நீல ஒளி படரும். ஒளிர்வு என்னும் இயல்பை 1852இல் விளக்கி எழுதிய ஜார்ஜ் ஸ்டோக்ஸ் சோதித்த பொருள்களில் இந்தப் பட்டை நீரும் ஒன்று. புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெயில்காப்புப் பூச்சுகளிலும் ஈஸ்குலின் சேர்ந்தது. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் குடல் நுண்ணுயிர் வகை ஒன்றை அடையாளம் காணும் வளர்ப்பு ஊடகத்தில் அது நாள்தோறும் பயன்படுகிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வரும் எத்தனையோ பேருக்கு இந்த மரத்தின் வேதிப்பொருள் ஒன்று வேலை செய்கிறது என்று தெரியாது.

கூமரின் என்றதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மூலிகை எழுத்தில் அடிக்கடி நிகழ்கிறது. வார்ஃபரினுக்கு முன்னோடி டைகூமரால். அது ஈஸ்குலின் அல்ல. சரியாகக் காயாமல் பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தபோது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் 1940 வாக்கில் கண்டுபிடித்த பொருள். ஈஸ்குலினுக்கு அந்த வேதிக் கட்டமைப்பு இல்லை. ஆனாலும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இந்த மரத்தின் எந்தப் பகுதியையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. குளோவரின் கதை வேறொன்றையும் சொல்கிறது: ஓர் இலையை எப்படிக் காயவைக்கிறோம் என்பது மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரத்தை மாற்றிவிடக்கூடும்.

கமிஷன் ஈ இலையைத் தனியாகவே எடுத்து ஆராய்ந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த அந்த மதிப்பீடு, மேலே சொன்ன மக்கள் பயன்பாடுகளை வரிசையாகப் பதிவுசெய்துவிட்டு, இவற்றுக்கு ஆதாரம் இல்லை, எனவே பரிந்துரைக்க முடியாது என்று முடித்தது. இலைச் சாற்றைத் தசையில் ஊசியாகச் செலுத்தியபின் பித்தம் தேங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய பதிவும் அதில் இடம்பெற்றது. ஊசிக்கும் தேநீருக்கும் இடையே பெருந்தூரம் இருக்கிறது; அந்த ஒரு நிகழ்வை வைத்து இலைக் கஷாயம் கல்லீரலைக் கெடுக்கும் என்று முடிவுகட்டுவது தவறு. ஆனால் இலை தீங்கே செய்யாதது என்று சொல்லவும் அது இடம்தரவில்லை. பலன் நிறுவப்படாத நிலையில் சிறு ஆபத்தைக்கூட ஏற்பதற்குக் காரணம் இல்லை என்ற குழுவின் தர்க்கத்தோடு நான் உடன்படுகிறேன்.

தோட்டத்து மரம்தானே, நாமே பறித்துக் காயவைக்கலாமே என்று எண்ணுபவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. இலையைக் காயவைக்கும் முறை எளிது: நோயில்லாத பச்சை இலையைப் பறித்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நொறுங்கும் பதம் வரும்வரை வைக்க வேண்டும். சிக்கல் நோயில்லாத இலை கிடைப்பதில்தான். 1980களின் நடுவில் மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பக்கத்தில் ஒரு சிறு அந்துப்பூச்சி இந்த மரத்தின் இலைகளைக் குடைந்து அழிப்பது தெரியவந்தது. 1986இல் அதற்குக் கேமரேரியா ஓரிடெல்லா என்று பெயரிட்டார்கள். 1989இல் ஆஸ்திரியாவில் தோன்றியது. 2002இல் இலண்டனின் விம்பிள்டன் பகுதியை எட்டியது. புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தைத் தின்றுவிடுகிறது. ஆகஸ்டிலேயே மரம் முழுக்க இலையுதிர் காலம் வந்ததுபோல் பழுப்பேறி நிற்கிறது. கூட்டுப்புழுக்கள் குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த காய்ந்த இலைகளுக்குள்ளேதான். அதனால் நகராட்சிகள் சருகைக் கூட்டி எரிக்கவோ சூடேறும் உரக்குழியில் போடவோ சொல்கின்றன. தரையில் கிடக்கும் சருகை அள்ளிக் கஷாயம் வைப்பவர், குடைந்துபோன திசுவையும் கூட்டுப்புழுவையும் சேர்த்தே கொதிக்க வைக்கிறார். சாலையோர மரமென்றால் வண்டிப் புகையின் படிவும் உண்டு.

காய்ந்த இலை வேறொரு வகையில் பெரும்பணி செய்திருக்கிறது. அதை மருத்துவத்துக்கு வெளியே போனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த அந்துப்பூச்சி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆய்வாளர்கள் தவித்தார்கள். வேறு கண்டத்திலிருந்து வந்திருக்கும், வேறு மரத்திலிருந்து தாவியிருக்கும் என்றெல்லாம் ஊகங்கள். டேவிட் லீஸ், வால்டர் லாக் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தாவரக் காப்பகங்களில் அழுத்தி வைக்கப்பட்ட பழைய குதிரைக் கஷ்கொட்டை இலைகளைத் தேடிப் பார்த்தது. ஹெல்டிரைக் 1879இல் கிரேக்க மலையில் பறித்துக் காயவைத்த அந்த இலைகளுக்குள் புழுக்கள் நசுங்கிக் கிடந்தன. அவற்றின் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அதே பூச்சி. மரத்தின் சொந்த மலைகளில் அது நூறாண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது. அன்று மரத்தின் ஊரைக் காட்டிக்கொடுத்த அந்த இலைகள், 130 ஆண்டு கழித்துப் பூச்சியின் ஊரையும் காட்டிக்கொடுத்தன. ஐரோப்பிய மரங்களின் சிவப்புப் பட்டியல் 2019இல் குதிரைக் கஷ்கொட்டையைப் பாதிப்புக்குள்ளாகும் இனம் என்று வகைப்படுத்தியதற்கு இந்தப் பூச்சியும் ஒரு காரணம்.

நம் இமயமலையிலும் இந்த மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று வளர்கிறது. ஈஸ்குலஸ் இண்டிகா; உத்தராகண்டில் பாங்கர், இமாசலத்தில் கானோர் என்பார்கள். அதன் தழையை வெட்டி ஆடு மாடுகளுக்குப் போடுகிறார்கள். கொட்டையை உடைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கி, மாவாக்கிக் கோதுமை மாவோடு கலந்து பஞ்ச காலத்தில் உண்டார்கள். கொட்டை எண்ணெயை வாதத்துக்குப் பூசினார்கள். குதிரைகளின் வயிற்றுவலிக்குக் கொட்டை கொடுக்கும் வழக்கமும் உண்டு, துருக்கியில் இருமலுக்குக் கொடுத்ததுபோல். இங்கே இலை தீவனம். ஆனால் இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்காவின் ஒஹாயோ பக்ஐ மரத்தின் இளந்தளிரும் கொட்டையும் மாடுகளுக்கு நஞ்சு. தின்றவை தள்ளாடி விழும். ஆக, ஓர் இனத்தின் இலையை அறிந்துகொண்டதால் இன்னோர் இனத்தின் இலையை அறிந்ததாகாது. ஐரோப்பியக் குதிரைக் கஷ்கொட்டைகளை 2000களின் தொடக்கத்திலிருந்து பட்டை வெடித்துச் சீழ் வடிய வைக்கும் பாக்டீரியா நோயின் கிருமி முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும் இந்தியாவில்தான், 1969இல், பாங்கர் இலையின் புள்ளிகளிலிருந்து. இங்கே அது இலைப்புள்ளியோடு நின்றது; அங்கே மரத்தையே கொல்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் குடும்பத்தில் இன்னும் நெருங்கிய உறவுகளும் உண்டு. இன்றைய தாவர வகைப்பாட்டில் குதிரைக் கஷ்கொட்டை பூந்திக்கொட்டைக் குடும்பத்தில் சேர்கிறது. தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை, லிச்சி, மூட்டுவலிக்குத் தோசையில் அரைத்துப் போடும் முடக்கத்தான் எல்லாம் அதே குடும்பம். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சபோனின் வகைதான் குதிரைக் கஷ்கொட்டையின் ஈஸ்சினும். முடக்கத்தானுக்கும் மூட்டுவலி, குதிரைக் கஷ்கொட்டை இலைக்கும் மூட்டுவலி என்று பார்த்ததும் இரண்டையும் இணைத்து ஒரு கதை சொல்லும் ஆசை எழும். அதற்குச் சான்று இல்லை. முடக்கத்தான் இலையை நாம் கீரையாகவே தின்று தலைமுறைகளாகப் பழகியிருக்கிறோம். குதிரைக் கஷ்கொட்டையின் பச்சைக் கொட்டையையோ இலையையோ குழந்தைகள் மென்று வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

எனவே, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பிய பொட்டலமோ இணையத்தில் வாங்கியதோ கையில் வந்தால், முதலில் அதன்மேல் தாவரவியல் பெயரும் உறுப்பும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஈஸ்குலஸா, காஸ்டேனியாவா? கொட்டையா, பட்டையா, இலையா? கால் வீக்கத்துக்கு வாங்கினீர்கள் என்றால் நீங்கள் தேடுவது இலை அல்ல. ஈஸ்சின் அளவு குறிப்பிட்ட கொட்டைச் சாறு, அதுவும் ஒரு பக்கக் கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு. அப்படி வீங்குவது உள்நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இருமலுக்கு என்றால் பொட்டலத்தில் இருப்பது மரம் மாறிய இலையாக இருக்கக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பலவீனமானவர்கள் இலைக் கஷாயத்தை உள்ளே எடுக்கவே வேண்டாம். மூலத்தின் எரிச்சலுக்கு வெதுவெதுப்பான கழுவுநீராகப் பயன்படுத்துவதற்கு மட்டும் இலையின் துவர்ப்பு தன் சொந்தக் குணத்தில் துணை நிற்கும். புண்ணோ கசியும் இரத்தமோ இருந்தால் அதுவும் கூடாது.

இலையின் ஃபிளாவனாய்டுகளை மட்டும் அளவு நிர்ணயித்துத் தயாரித்து, டீம் குழு செய்ததைப் போலவே கீழ்க்காலின் கன அளவை 12 வாரம் அளந்து, ஒரு பக்கம் கொட்டைச் சாறும் இன்னொரு பக்கம் வெறும் மாத்திரையும் வைத்துச் சோதித்தால், இலையின் பங்கைப் பற்றிய கேள்விக்கு எண்களில் பதில் கிடைத்துவிடும். அதற்கு வேண்டிய முறை 1996லிருந்தே நம் கையில் இருக்கிறது.